பதக்கம் வரைந்த கை

ஐயா,

போர்க்கள வீரத்துக்கு நாடு தரும் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் என்றால் அதைப் பெற்ற 21 வீரர்களைச் சொல்கிறோம், வடிவமைத்தவரைச் சொல்வதில்லை. சுவிட்சர்லாந்தில் பிறந்து, நம் ராணுவ அதிகாரி விக்ரம் கானோல்கரை மணந்த சாவித்திரி பாய்தான் அவர். சமஸ்கிருதமும் புராணமும் கற்றவர். ததீசி முனிவரின் எலும்பில் உருவான வஜ்ராயுதத்தையே பதக்கத்தில் நான்காகப் பொறித்தார். முதல் பதக்கம் யாருக்கு? 1947 நவம்பர் 3-ல் காஷ்மீரின் பட்காமில் வீழ்ந்த மேஜர் சோம்நாத் சர்மாவுக்கு. அவர் சாவித்திரியின் மருமகனுக்கு உடன்பிறந்தவர்! சம்பந்தி வீட்டு வீரருக்கே போய்ச் சேர்ந்த பதக்கத்தை வரைந்த கை அது.

படைவீரர் மனைவி என்றாலே கண்ணீர்ப் படம் போடும் பத்திரிகைகள் (தங்களுடையதும்தான்) அடுத்த குடியரசு தினத்தன்று இவர் படத்தைப் போடலாமே.

– ஒரு வாசகி, தஞ்சாவூர்