சல்ஃபேட் இல்லாவிட்டால் மென்மையானதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மென்மையான ஃபேஸ்வாஷ்களை ஒப்பிட்டு நீங்கள் வெளியிட்ட அட்டவணை பற்றி எழுதுகிறேன். விளம்பரத்தை அப்படியே திருப்பிச் சொல்லாமல் பொருள் பட்டியலையும் சேர்த்து அச்சிட்டது நல்ல காரியம். ஆனால் சல்ஃபேட் (அழுக்கை நீக்கி நுரை தரும் ஒரு வகை வேதிப்பொருள்) இல்லை என்றால் பச்சை டிக், இருந்தால் சிவப்புப் பெருக்கல் குறி என்று போட்டிருக்கிறீர்களே, அந்த அளவுகோல்தான் உறுத்துகிறது. சோப்பு, ஷாம்பு தயாரிக்கும் தொழிலில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவள் நான். அந்த டிக்கை மட்டும் நம்பி வாங்கினால் சிலருக்கு முகம் முன்பைவிட அதிகமாகவே வறண்டு போகும்.

டிக் வாங்கிய ஒரு கிரீம் ஃபேஸ்வாஷையே எடுத்துக்கொள்வோம். அதன் பட்டியலில் தண்ணீருக்கு அடுத்து மிரிஸ்டிக் ஆசிட், கிளிசரின், ஸ்டியரிக் ஆசிட், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, லாரிக் ஆசிட் என்று வருகிறது. சல்ஃபேட் இல்லை, உண்மைதான். ஆனால் மிரிஸ்டிக், ஸ்டியரிக், லாரிக் போன்ற கொழுப்பு அமிலங்களோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் சேர்ந்தால் கிடைப்பது அசல் சோப்பு. கலப்பதற்கு முன் போட்ட பொருள்களின் பெயரைத்தான் பல நிறுவனங்கள் லேபிளில் எழுதுகின்றன. அதனால் சோப்பு என்ற வார்த்தை கண்ணில் படாது. முத்துப்போல் பளபளக்கும் அந்தக் கிரீமும், பொங்கி வரும் நுரையும், கழுவியதும் விரல் வைத்தால் கிறீச்சிடும் அந்தச் சுத்தமும் சோப்பின் வேலை.

சோப்பு என்றால் என்ன குறைச்சல் என்று கேட்கலாம். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உள்ளது. அதன் பிஎச், அதாவது அமிலம்-காரத்தைக் காட்டும் அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்), ஏறக்குறைய 5. சோப்புக் கரைசலின் பிஎச் 9-லிருந்து 10 வரை போகும். ஒவ்வொரு முறை கழுவும்போதும் தோலின் பிஎச் மேலே ஏறி, பழைய நிலைக்கு இறங்க நேரம் எடுக்கிறது. தோலின் ஈரத்தைக் காக்கும் செரமைடு என்ற கொழுப்பை உருவாக்கும் நொதிகள் அமிலச் சூழலில்தான் நன்றாக வேலை செய்யும். மாறாக, மேல் தோலின் செல்களைப் பிடித்துவைத்திருக்கும் புரதங்களை அறுக்கும் நொதிகளுக்குக் காரம் பிடிக்கும். எண்ணெய்ச் சருமமுள்ள பலர் இதைத் தாங்கிக்கொள்வார்கள். எக்சிமா என்ற தோல் அழற்சி உள்ளவர்களுக்கும் வறண்ட சருமக்காரர்களுக்கும்தான் தொல்லை.

சரி, சல்ஃபேட்டுக்கு வருவோம். சோடியம் லாரில் சல்ஃபேட்டுக்குக் கெட்ட பெயர் சும்மா வரவில்லை. தோல் ஆய்வுகளில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்க்க வேண்டுமென்றால் ஆராய்ச்சியாளர்கள் கையில் எடுப்பது அதைத்தான். (புற்றுநோய் வரும் என்று சுற்றும் வதந்தி வேறு கதை, அதற்கு ஆதாரம் இல்லை.) ஆனால் சோடியம் லாரெத் சல்ஃபேட் அதைவிட மென்மையானது. அதனோடு கோகமிடோபுரொப்பைல் பீட்டைன் என்ற இன்னொரு சுத்தப்படுத்தும் பொருள் சேர்ந்தால் எரிச்சல் இன்னும் குறையும். அழுக்கை நீக்கும் மூலக்கூறுகள் தண்ணீரில் மிசெல் எனப்படும் சிறு உருண்டைகளாகக் கூடுகின்றன. இரண்டு மூன்று வகைகளைக் கலக்கும்போது அந்த உருண்டைகள் பெரிதாகி, தோலுக்குள் நுழைவது குறைகிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஆகவே ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. கூட யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சோடியம் சி14-16 ஓலிஃபின் சல்ஃபோனேட் என்ற பொருளில் சல்ஃபேட் கிடையாது. அதனால் 'சல்ஃபேட் இல்லாதது' என்று டப்பாவின் முகப்பில் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எண்ணெயை வழித்தெடுப்பதில் அது யாருக்கும் சளைத்ததல்ல. இயற்கைப் பொருள் என்று விற்கப்படும் சோடியம் கோகோ சல்ஃபேட்டில் பெரும்பகுதி அதே லாரில் சல்ஃபேட்தான்.

மென்மை வேண்டுமென்றால் நான் தேடுவது சோடியம் கோகோயில் ஐசெதயனேட், கோகோயில் குளூட்டமேட், டெசில் குளுக்கோசைடு போன்ற பெயர்களை. ஐசெதயனேட் 1950-களிலேயே கட்டி வடிவில் சந்தைக்கு வந்துவிட்டது. பார்க்க சோப்பு போலவே இருக்கும், வேதியியலில் சோப்பு அல்ல. தொழிலில் அதை சின்டெட் என்போம். 1979-இல் ஃப்ராஷ், கிளிக்மன் என்ற இரண்டு தோல் மருத்துவர்கள் கடையில் கிடைத்த பல கட்டிகளைக் கரைத்து, முன்கைத் தோலில் வைத்துச் சோதித்தார்கள். கட்டிக்குக் கட்டி எரிச்சலில் இருந்த வித்தியாசம் அப்போதே பளிச்சென்று தெரிந்தது. மிக மென்மையானதாகத் தேறியது ஒரு சின்டெட் கட்டி.

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு என்பதையும் உங்கள் கட்டுரை குழப்பிவிட்டது. எரிச்சல் அளவைப் பொறுத்து யாருக்கும் வரலாம். ஒவ்வாமை உடல்வாகைப் பொறுத்துச் சிலருக்கு மட்டுமே வரும். அமெரிக்கத் தொடு தோலழற்சிச் சங்கம் ஆண்டுதோறும் ஒரு பொருளுக்கு 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று பட்டம் கொடுத்துக் கவனத்துக்குக் கொண்டுவருகிறது. 2004-இல் கோகமிடோபுரொப்பைல் பீட்டைன், 2017-இல் குளுக்கோசைடு குடும்பம். நான் மேலே புகழ்ந்த அதே ஆட்கள்தான்! பெரும்பாலோருக்கு இவற்றால் ஒன்றும் ஆகாது. எத்தனை 'மென்மையான' பொருள் மாற்றினாலும் கண்ணிமையிலோ கழுத்திலோ அரிப்பு விடவில்லை என்றால், தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப் பொருள்களைத் தோலில் ஒட்டிவைத்து ஒவ்வாமையைக் கண்டறியும் சோதனை) செய்துகொள்வதே வழி. 2013-இல் அந்தப் பட்டம் பெற்ற மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தியை நான் சும்மா விடமாட்டேன். தோலில் பூசி அப்படியே விட்டுவிடும் பொருள்களில் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடை செய்தது. கழுவிவிடும் பொருள்களில் பத்து லட்சத்தில் 15 பங்குதான் உச்ச வரம்பு.

பட்டியலின் வரிசை பற்றி நீங்கள் எழுதியது பாதி சரி. அதிகம் உள்ள பொருள் முதலில் வரும் என்பது ஒரு சதவீதம் வரைக்கும்தான். அதற்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். அந்த ஒரு சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று ஊகிக்க, ஃபீனாக்சியெத்தனால் என்ற பதப்படுத்தியைத் தேடுவேன். ஐரோப்பிய விதிப்படி அது ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதற்குப் பின்னால் வருபவை எல்லாம் அநேகமாக அதற்கும் குறைவு. உங்கள் கட்டுரை வானளாவப் புகழ்ந்த மூலிகைச் சாறுகள் நான்கும் அதற்குப் பின்னால்தான் வரிசைகட்டி நிற்கின்றன. அரை நிமிடத்தில் கழுவிவிடப்போகிற பொருளில் அவ்வளவு துளி இருந்து என்ன செய்யும்? கிளிசரின் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் இருந்தால் அதற்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

'ஹைப்போஅலர்ஜெனிக்' (ஒவ்வாமை வரும் வாய்ப்பு குறைவு) என்ற முத்திரைக்குத் தனி டிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்கு வரையறையோ தரமோ இல்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாம்.

அதற்குப் பதிலாக அடுத்த முறை பிஎச் அளவைப் போடுங்கள். லேபிளில் அதைக் காண்பது அரிது, நிறுவனத்திடம் கேட்டாலும் பலர் சொல்வதில்லை. ஆனால் பொருளைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து பிஎச் தாளைத் தோய்த்தால், 5-ஐ ஒட்டியதா 9-ஐ ஒட்டியதா என்பதாவது தெரிந்துவிடும். உங்கள் அலுவலக மேசையிலேயே செய்யலாம். அப்புறம், வாசனைப் பொருள் உண்டா என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். மணமே வராத பொருளில்கூட மூலப்பொருளின் வாடையை மறைக்க நறுமணம் சேர்த்திருப்பார்கள். மூக்கை நம்பாமல் பட்டியலைப் பாருங்கள்.

கடைசியாக ஒரு திருத்தம். நுரைக்காத லோஷன் வகை ஒன்றுக்கு 'ஆல்கஹால் உள்ளது' என்று சிவப்புக் குறி போட்டிருக்கிறீர்கள். அதில் இருப்பது செட்டியரில் ஆல்கஹால். அது ஆவியாகித் தோலை உலர்த்தும் எத்தனால் அல்ல. மெழுகு போன்ற, தோலுக்கு இதமான கொழுப்புப் பொருள். அந்த அட்டவணையில் வறண்ட சருமத்துக்கு மிகவும் ஏற்றதாக எனக்குப் படுவது அதுதான். குறியை மாற்றி அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி