பாசிக்குடாவில் ஏழு படம், ஏழும் ஒன்று

ஆசிரியர் ஐயாவுக்கு,

போன ஞாயிறு வாசகர்கள் அனுப்பிய சுற்றுலாப் படங்களை இரண்டு பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். அதில் பாசிக்குடாக் கடற்கரை மட்டும் ஏழு. ஏழிலும் ஆட்கள் வரிசையாக நின்று கையை விரித்திருக்கிறார்கள், வெயில் உச்சியில். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. குறை சொல்ல எனக்கும் வாயில்லை, போன மாதம் எங்கள் வீட்டாரும் இதையேதான் செய்தார்கள்.

நான் மட்டக்களப்பு நகரில் ஒரு ஸ்டூடியோவில் 22 வருடம் வேலை பார்த்தவன். ஒரு ரோலில் 36 படம். கலியாண வீட்டுக்கு இரண்டு ரோல்தான் முதலாளி தருவார். எண்ணி எண்ணித்தான் அழுத்துவோம், அதனால் அழுத்த முதல் நன்றாகப் பார்ப்போம். இப்போது போனில் எண்ணிக்கையும் இல்லை, பார்ப்பதும் இல்லை.

மகள் குடும்பம் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தது. கோட்டை, மாமாங்கம், முகத்துவாரம் வெளிச்சவீடு, பாசிக்குடா எல்லாம் ஒரே நாளில். வான் வண்டியால் இறங்குவார்கள், எடுப்பார்கள், ஏறுவார்கள். பாசிக்குடாவில் ஆழமில்லாத தண்ணீரிலேயே வெகுதூரம் நடக்கலாம். மருமகன் கால்கூட நனைக்கவில்லை. ‘சிரி, சிரி’ என்று சொல்லியே பேத்தியை அழ வைத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் விடிய அவளை மட்டும் கூட்டிக்கொண்டு கல்லடிப் பழைய பாலத்துக்குப் போனேன். 1924இல் திறந்த இரும்புப் பாலம். 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் வந்த பிறகு அதில் ஆறுதலாக நிற்கலாம். போனை என் சேர்ட் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

“அம்மப்பா, சும்மாவா நிற்கிறது?” என்றாள்.

சும்மாதான். அரை மணித்தியாலம். எங்கள் வாவியில் பாடுவதாகச் சொல்லும் மீனைக் கேட்கலாமா என்று கேட்டாள். அது பௌர்ணமி இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்கிற சங்கதி, கமராவில் விழாது என்றேன். அப்போது கீழே ஒரு தோணிக்காரர் வீச்சுவலையை உதறி எடுத்துக்கொண்டிருந்தார். எடுக்கலாமா என்று கையைக் காட்டிக் கேட்டோம். தலையாட்டினார்.

கடற்கரைப் பக்கமிருந்து வெயில் சரிவாக வந்துகொண்டிருந்தது. நான் ஒன்றே ஒன்றுதான் சொல்லிக் கொடுத்தேன்: போன் திரையில் மினுங்குகிற தண்ணீரை விரலால் ஒருமுறை தொடு, பிறகு வலை விரியும்வரை பொறு. தோணியும் ஆளும் கறுப்பு உருவமாக நிற்க, வலை வட்டமாக விரிந்து வந்தது. மொத்தம் மூன்றே படம் எடுத்தாள். இரண்டாவது ஒரு காகம், பாதிதான் இருக்கிறது. மூன்றாவது என் செருப்புக் காலும் பாலத்துத் துருப்பிடித்த ஆணிகளும்.

ஒரு வேண்டுகோள் ஐயா. அடுத்த முறை, அனுப்புகிறவர் தான் நிற்காத ஒரு படமாவது அனுப்பட்டும் என்று போடுங்கள். எத்தனை மணிக்கு எடுத்தது என்றும் கீழே எழுதச் சொல்லுங்கள். அப்புறம் லென்ஸ் விஷயம்: அந்த ஏழில் மூன்று உப்புக் காற்றில் மங்கிப் போயிருக்கிறது. மணலை ஊதிவிட்டு மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

பேத்தி எடுத்த வலைப் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். செருப்புப் படமும் இருக்கிறது. எனக்கு அதுதான் கூடப் பிடித்தது, ஆனால் நீங்கள் போடமாட்டீர்கள்.

இப்படிக்கு,
பழைய ஸ்டூடியோக்காரன்,
கல்லடி, மட்டக்களப்பு.