ஜப்பானில் பிரதமர் மாறினார். அரிசிக் கொள்கை மாறவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானில் குடும்பத்துடன் வசித்துவரும் தங்கள் வாசகன் நான். 2025 செப்டம்பரில் பிரதமர் ஷிகெரு இஷிபா பதவி விலகப்போவதாக அறிவித்ததும், அக்டோபர் 21 அன்று சனே தகாய்ச்சி நாட்டின் முதல் பெண் பிரதமராகப் பொறுப்பேற்றதும் தமிழ் நாளேடுகளில் விரிவாகவே வந்தன. ஆனால், அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இங்கே வீட்டுக்கு வீடு பேசப்பட்ட அரிசிப் பிரச்சினையைப் பற்றி நம் ஏடுகளில் நான் படித்தது மிகக் குறைவு. அதை எடுத்துச் சொல்லவே இக்கடிதம்.

2024 ஆகஸ்டில் இங்குள்ள பல்பொருள் அங்காடிகளில் அரிசி வைக்கும் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. எப்போதாவது சரக்கு வந்தாலும் 'ஒரு குடும்பத்துக்கு ஒரு பை மட்டும்' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். கடை திறந்த சற்று நேரத்தில் அதுவும் தீர்ந்துவிடும். முந்தைய கோடையின் கடும் வெப்பத்தில் நல்ல அரிசி குறைந்துபோயிருந்தது. ஆகஸ்ட் 8 அன்று பெருநிலநடுக்கம் வரக்கூடும் என்று அரசு எச்சரித்ததும் மக்கள் வாங்கிச் சேமிக்கத் தொடங்கினர். புது அறுவடை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றது அரசு. ஆகவில்லை. 2025 மே மாதத்தில் ஐந்து கிலோ பையின் சராசரி விலை 4,200 யென்னைத் தாண்டி, ஓராண்டுக்கு முன்பிருந்ததைப்போல் இரு மடங்காகிவிட்டது.

ஒரு கோடையையும் ஓர் எச்சரிக்கையையும் தாங்க முடியாத நிலைக்கு இவ்வளவு வளமான நாடு வந்தது எப்படி என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. 1962-இல் ஜப்பானியர் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 118 கிலோ அரிசி உண்டார். இன்று அதில் பாதிகூட இல்லை. தேங்கிய அரிசியைக் கண்டு அஞ்சிய அரசு, 1970 முதல் நெல் பயிரிடும் பரப்பைக் குறைக்கச் சொல்லி, குறைத்த விவசாயிகளுக்கு மானியம் கொடுத்தது. 'கென்தான்' எனப்படும் இந்தக் கொள்கையால், விளைச்சலைக் குறைப்பதற்கு வரியாக ஒரு முறையும், அதனால் உயர்ந்த விலையாக மறுமுறையும் மக்களே பணம் கொடுத்தார்கள். மாவட்டவாரியாக உற்பத்தி அளவை ஒதுக்கும் முறை 2018-இல் கைவிடப்பட்டாலும், வயலில் கோதுமையோ சோயாவோ கால்நடைத் தீவன நெல்லோ பயிரிட்டால் கிடைக்கும் மானியம் நீடிக்கிறது. கிராமப்புற வாக்குகளையும் வேளாண் கூட்டுறவு அமைப்பையும் நம்பி வளர்ந்த, ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு இதில் கை வைக்கத் துணிவில்லை என்பதே என் கருத்து. 2008-09-இல் வேளாண் அமைச்சராக இருந்த இதே இஷிபா அதை மறுஆய்வு செய்ய முயன்றார். அவருடைய கட்சியே ஒத்துழைக்கவில்லை.

நெருக்கடியை அரசு கையாண்ட விதம் இன்னும் கவனிக்கத்தக்கது. 2025 மார்ச்சில் அரசின் கையிருப்பு அரிசி ஏலத்தில் விடப்பட்டது. அதிக விலை கேட்டவருக்கே தரும் ஏலத்தால் விலை எப்படி இறங்கும்? பெரும்பகுதியைக் கூட்டுறவு அமைப்பே எடுத்துக்கொள்ள, கடைகளுக்கு அது மிக மெதுவாகவே வந்தது. இதற்கிடையே வேளாண் அமைச்சர் டாகு எட்டோ, தாம் அரிசியே வாங்கியதில்லை, ஆதரவாளர்கள் தருவதே வீட்டில் நிறைய இருக்கிறது என்று பேசி, எழுந்த எதிர்ப்பில் மே 21 அன்று பதவி விலகினார். அடுத்து வந்த ஷின்ஜிரோ கொய்சுமி ஏலத்தை நிறுத்திவிட்டுச் சில்லறை வணிகர்களுக்கு நேரடியாக விற்றார். ஐந்து கிலோ பை சுமார் 2,000 யென்னுக்குக் கிடைக்க, கடை வாசல்களில் வரிசை நீண்டது. ஆயினும் ஜூலை 20 அன்று நடந்த மேலவைத் தேர்தலில் ஆளும் கூட்டணி பெரும்பான்மையை இழந்தது. அரிசி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விலைவாசியே அத்தேர்தலின் முதன்மைப் பொருளாக இருந்தது.

இனி உற்பத்தியைப் பெருக்குவோம் என்று இஷிபா ஆகஸ்டில் அறிவித்தார்; அடுத்த மாதமே பதவி விலகலையும் அறிவித்தார். தகாய்ச்சியின் அமைச்சரவையில் வேளாண் துறையை ஏற்ற நோரிகாசு சுசுகி, தேவைக்கு ஏற்ற உற்பத்தியே நெறி என்று பழைய பாதைக்குத் திரும்பினார். 2026-க்கு அரசு குறித்த அளவு 71.1 லட்சம் டன். அது 2025 விளைச்சலைவிடக் குறைவு. விலையைக் குறைப்பதற்குப் பதிலாக மக்களுக்கு அரிசிக் கூப்பன் தரலாம் என்றும் அவர் யோசனை கூறினார். வரிப்பணத்தில் கூப்பன் கொடுத்து, உயர்ந்த விலையை அப்படியே காப்பாற்றும் இந்த வழியை என்னால் ஏற்க முடியவில்லை.

விவசாயிகளின் நிலையும் எளிதன்று. அவர்களின் சராசரி வயது எழுபதை நெருங்குகிறது. பலருக்குப் பின் நிலத்தைப் பார்க்க ஆளில்லை. உரமும் எரிபொருளும் விலை ஏறிய காலத்தில் அரிசி விலை திடீரெனச் சரிந்தால் எஞ்சியிருப்பவர்களும் விலகிவிடுவார்கள். ஆகவே தாராளமாக விளையவிட்டு, விலை இறங்கும்போது முழுநேர விவசாயிகளின் வருமான இழப்பை அரசு நேரடியாக ஈடுசெய்வதே முறை. இதை இங்குள்ள வேளாண் பொருளியலாளர்கள் சிலர் நெடுங்காலமாக வலியுறுத்துகிறார்கள்.

ஜப்பானிய அரசியல் குறித்த செய்திகளில் யார் வந்தார், யார் போனார் என்பதோடு, ஒவ்வோர் அமைச்சரவையும் அரிசி உற்பத்திக்கு எந்த அளவைக் குறிக்கிறது, கையிருப்பை எப்படி விற்கிறது என்பதற்கும் தங்கள் நாளேடு இடமளிக்க வேண்டுகிறேன். கடைகளில் அரிசியின் சராசரி விலையை இந்நாட்டு வேளாண் அமைச்சகம் வாரந்தோறும் வெளியிடுகிறது. அதைத் தொடர்ந்து கவனித்தாலே தங்கள் செய்தியாளர்களுக்கு எழுத நிறையக் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
டோக்கியோ