அண்ணனின் அறுவை சிகிச்சைக்கு முன்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குப் பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது என்று படித்ததும் மனம் கனத்துவிட்டது. நம் இருவருக்கும் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் அவர்.

கட்டியை உடனே எடுக்காமல் ஏன் இழுத்தடிக்கிறார்கள் என்று கோபப்பட்டிருக்கிறாய். கல்லீரலில் எவ்வளவு எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் முக்கியம். நல்ல கல்லீரல் என்றால் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சினால் போதும். நீண்ட கீமோதெரபி எடுத்தவருக்கு 30 சதவீதமாவது வேண்டும். அண்ணனுக்கு மிஞ்சப்போவது 24 சதவீதம் என்று ஸ்கேனில் வந்திருக்கிறதே! அப்படியே அறுத்தால் காமாலை, வயிற்றில் நீர் என்று ஆரம்பித்துக் கல்லீரலே கைவிட்டுவிடக்கூடும்.

அதனால்தான், குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில், எடுக்கப்போகும் வலப்பக்கத்துக்குப் போகும் கிளையை முதலில் அடைக்கிறார்கள். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஊசி வழியே நுண்குழாயைச் செலுத்திச் செய்துவிடுவார்கள். ஒரு மடையை அடைத்தால் அடுத்த மடையில் தண்ணீர் பாய்வதுபோல, குடலிலிருந்து வரும் இரத்தம் முழுவதும் இடப்பக்கம் திரும்பும். நான்கைந்து வாரங்களில், மிஞ்சப்போகும் அந்தப் பக்கம் வளர்ந்து பெரிதாகும். ஜப்பானில் மகூச்சி என்ற அறுவை மருத்துவர் 1980களில் நிலைநாட்டிய முறை இது. ஒன்றிரண்டு வாரத்திலேயே பெருக்கவைக்கும் வேறொரு அறுவை முறையும் உண்டு. 2012இல் ஜெர்மனியிலிருந்து வந்த அதன் முதல் அறிக்கையில் 25 பேரில் மூவர் மருத்துவமனையிலேயே இறந்திருந்தார்கள். பிறகு அது எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது; ஆனாலும் அண்ணனுக்கு நிதானமான வழியையே நான் விரும்புவேன்.

கீமோவை நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து பல சுற்று ஏறிய கல்லீரல்களை அறுவை மேசையில் பார்த்திருக்கிறேன். செம்பழுப்பாக, வழவழப்பாக இருக்க வேண்டியது நீலம் பாய்ந்து வீங்கியிருக்கும். கை பட்டாலே இரத்தம் கசியும். அது தேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கீமோவோடு சேர்த்துக் கொடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்தும் கொடுத்திருந்தால் பொதுவாக ஆறு வாரம் விடுவார்கள், விடாவிட்டால் காயம் ஆறத் தாமதமாகும்.

இந்த இடைவெளியில் கட்டி வளர்ந்துவிடாதா என்ற உன் பயம் நியாயமானது. சிலருக்கு வளரத்தான் செய்கிறது. மறு ஸ்கேன் எடுப்பது அதையும் பார்க்கத்தான். மிஞ்சும் பகுதி எத்தனை சதவீதமாகியிருக்கிறது, புதிதாக ஏதும் முளைத்திருக்கிறதா என்ற இரண்டையும் அறுவை மருத்துவரிடம் நேராகவே கேள். அதுவரை அண்ணன் மதுவைத் தொடவே கூடாது. முட்டை, மீன், பருப்பு நன்றாகச் சாப்பிடட்டும், தினமும் நடக்கட்டும்.

இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு மதுரையில் வேலை கிடைத்திருக்கிறது. ஸ்கேன் படங்கள் வந்ததும் எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டு அன்றிரவே உன்னையும் அண்ணியையும் அழைக்கிறேன்.

அன்புடன்,
ராகவன்