காலணி மாதிரி: திரையோடு நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காடு நெடுகத் தோலும் ஷூவும்தான் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. இங்கே டிசைன் பழக வரும் பிள்ளைகள் முதலில் உட்காருவது கணினி முன்னால். அது சரிதான். ஆனால் திரையில் ஷூ அழகாக நின்றுவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணமும் கூடவே வளர்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

கணினி மாதிரியின் பலனை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஷூவை ஏற்றி உருவாக்கும் பாத வடிவ அச்சான லாஸ்டை ஸ்கேன் செய்துகொண்டால், ஒரு தையல் கோட்டை 3 மி.மீ. தள்ளிப் பார்க்கத் தோலை வெட்ட வேண்டியதில்லை. 42-ஆம் சைஸில் முடித்ததை 39 முதல் 46 வரை மற்ற சைஸ்களுக்கு மாற்றும் கிரேடிங்கும் நிமிடக் கணக்கு.

சிக்கல் வருவது, வளைந்த வடிவத்தைத் தட்டையான பேட்டர்னாக, அதாவது தோலை வெட்டுவதற்கான வரைவாக, விரிக்கும்போது. டோவும் (விரல்முனைப் பகுதி) குதிகாலும் எல்லாத் திசையிலும் வளைந்தவை. எங்காவது சுருங்காமல், கிழியாமல் தட்டையாகாது. அந்த வித்தியாசத்தை மென்பொருள் தன் கணக்குப்படி பகிர்ந்துவிடும். தோலோ இடத்துக்கு இடம் மாறும்: வயிற்றுப் பகுதி இழுத்தால் நீளும், முதுகுப் பகுதி அவ்வளவு கொடுக்காது. ஒரே பேட்டர்னில் வெட்டிய ஜோடியில் ஒரு காலின் டோ கேப் (விரல்முனையை மூடும் துண்டு) கோடு நேராக நிற்க, மறு காலில் கோணலாகப் போவது இதனால்தான்.

இது கைக்குப் புரிய வேண்டுமானால் பழைய முறையைப் பழக வேண்டும். லாஸ்ட் முழுக்க மாஸ்கிங் டேப்பை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டி, முன்னும் பின்னும் நடுக்கோடு வரைந்து, அதன்மேல் டிசைனைப் போட வேண்டும். நடுக்கோட்டில் அறுத்து, உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் தனித்தனியாக உரித்து அட்டையில் படிய வைக்க வேண்டும். டோ ஓரத்தில் டேப் படியாமல் மடிப்பு விழும். அங்கே சிறு வெட்டுகள் போட்டால் படியும். எத்தனை வெட்டு, எவ்வளவு விரிந்தது என்று பார்த்தவருக்கே திரையில் மென்பொருள் எதை மறைத்தது என்று தெரியும். பிறகு இரண்டு பக்கத்தையும் சராசரியாக்கி, லாஸ்டிங்குக்கு, அதாவது ஓரத்தை லாஸ்டின் அடியில் இழுத்து ஒட்டுவதற்கு, சுமார் 15 மி.மீ. கூட்டினால் பேட்டர்ன் தயார்.

அடுத்து டிரையல் அப்பர், அதாவது சோதனைக்காகத் தைக்கும் ஷூவின் மேற்பகுதி. ஆர்டருக்கு வரப்போகும் அதே தோலில், அதே உள்புற லைனிங்கோடு தைக்க வேண்டும். கழிவுத் தோலில் தைத்தால் அந்தச் சோதனை எதையும் சொல்லாது. சூட்டில் வடிவத்தை நிலைப்படுத்தும் ஹீட் செட்டிங் முடியாமல் லாஸ்டைக் கழற்றினால் ஷூவின் வாய் விரிந்துவிடும். குற்றம் பேட்டர்ன் மேல் விழும்.

லாஸ்டுக்குக் கணுக்கால் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். வெளிக்கணுக்கால் எலும்பு உள்ளெலும்பைவிடத் தாழ்ந்தது. வெளிப்பக்க விளிம்பைச் சில மி.மீ. இறக்காவிட்டால் அது உரசும். திரையில் தெரியாத இந்தக் குறை, ஆளுக்குப் போட்டு நடக்கவிட்டால் பத்து நிமிடத்தில் தெரியும்.

சோல் மாதிரியில் அடிக்கடி நடக்கும் தவறு, வெறும் லாஸ்டுக்கு அளவெடுப்பது. அப்பர் 1.4, லைனிங் 0.8, இடையில் குதிகாலை விறைப்பாக வைக்கும் கவுண்டர் 1 மி.மீ. என்றால் குதிகாலில் ஒரு பக்கத்துக்கு மட்டும் 3.2 மி.மீ. ஆகிறது. இதை விட்டுவிட்டு சோல் வார்க்கும் மோல்டு வெட்டினால் அந்தப் பணம் போனதுதான். சோலை முதலில் 3டி பிரிண்டில் எடுத்து, லாஸ்டில் ஏற்றிய அப்பரோடு பொருத்திப் பார்த்துவிட வேண்டும். ஆனால் லாஸ்டையும் இப்படிப் பிரிண்ட் எடுத்திருந்தால், அதை ஹீட் செட்டருக்குள் அனுப்பக் கூடாது. பிரிண்டுக்குப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும்.

வேலூருக்கு இது புதிய பாடமும் அல்ல. தொழுநோயால் உணர்விழந்த பாதத்துக்கான செருப்பை சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கினார்கள். அந்தப் பாதம் வலியைச் சொல்லாது. அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைப் பாதத்தையே வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

எங்கள் வேண்டுகோள் இதுதான்: காலணி டிசைன் கற்றுத்தரும் நிறுவனங்கள் இறுதித் தேர்வில் கணினிக் கோப்போடு, அதே பேட்டர்னில் லாஸ்ட் செய்த ஒரு ஜோடியையும், அதை ஒருவர் போட்டு நடந்தபின் எழுதிய திருத்தக் குறிப்பையும் கட்டாயமாகக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
காலணி பேட்டர்ன் பணியில் உள்ளோர்,
ஆம்பூர்.