பெற்றோருக்குக் கடிதம்: பிள்ளையிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கும், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

இந்தக் கடிதத்தின் ஆங்கில வடிவம் பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் ஏற்கெனவே வந்திருக்கும். தமிழில் தனியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குக் கதவைத் திறப்பவர் பல வீடுகளில் பாட்டிதான். அப்பா அம்மா வேலை முடிந்து வர ஏழு, எட்டு மணி ஆகிவிடும். பிள்ளையின் முகம் மாறியிருப்பதை முதலில் பார்ப்பவருக்கு இந்தக் கடிதம் போய்ச் சேரவேண்டும். கண் பார்வை மங்கியவர் என்றால் வாசித்துக் காட்டுங்கள்.

செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். அதையொட்டி, செப்டம்பர் விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை காலை 10 மணிக்கு, ஒரு குடும்பத்தார் பள்ளி மண்டபத்தில் பெற்றோருடன் பேச வருகிறார்கள். பதின்ம வயதுப் பிள்ளையைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவர்கள். அதன்பின் சிறிய அறநிறுவனம் ஒன்றைத் தொடங்கி, இன்னொரு வீட்டுக்கு இந்த நிலை வரக்கூடாது என்று பள்ளிகளில் மனநலம் பற்றிப் பேசிவருகிறார்கள். தங்கள் பெயரையும் பிள்ளையின் பெயரையும் கடிதத்தில் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. பிள்ளைகளை இப்படி இழந்த தாய்மார் சேர்ந்து 2019இல் தொடங்கிய ‘பிளீஸ்ஸ்டே’ இயக்கத்தைப் பற்றி உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர்கள் வேறு குடும்பம், நோக்கம் ஒன்றுதான். சிங்கப்பூரில் 10 முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்புக்கு முதல் காரணமாகப் பல ஆண்டுகளாகத் தற்கொலையே இருந்து வருகிறது. பேச்சுக்கு வர இயலாதவர்களுக்கும் பயன்படட்டும் என்று, அன்று பேசப்போவதில் முக்கியமானவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். பள்ளி ஆலோசகர் படித்துச் சரிபார்த்திருக்கிறார்.

முதலில் அடையாளங்கள். ஒரு நாள் சோர்வைக் கண்டு பயப்படவேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பதையும், பிள்ளையின் வழக்கத்திலிருந்து விலகிப்போவதையும் கவனியுங்கள். தூக்கம் குறைவது, அல்லது விடுமுறை நாளில் மதியம் வரை எழாமல் கிடப்பது. பிடித்த இணைப்பாட நடவடிக்கையைத் திடீரென்று விட்டுவிடுவது. இந்த ஊர் வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது. ஞாயிறு மாலை ஆனால் வயிற்றுவலி, திங்கள் காலை தலைவலி என்று உடம்பு பேசத் தொடங்குவது. நம் பிள்ளைகள் பலருக்கு மனத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லச் சொல் கிடைப்பதில்லை. ஆங்கிலத்தில் சொன்னால் பாட்டிக்குப் புரிவதில்லை. அதனால் வலி வயிற்றுக்கு இறங்கிவிடுகிறது. மருத்துவர் பார்த்து வயிற்றில் ஒன்றுமில்லை என்று சொன்னால், ‘நடிக்கிறான்’ என்று முடிவு கட்டாதீர்கள். வலி உண்மையானது. அதன் ஊற்று வேறிடத்தில் இருக்கலாம்.

இரண்டு அடையாளங்களைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அவற்றைப் பெற்றோர் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். ஒன்று, ஆசையாகச் சேர்த்துவைத்த பொருள்களை நண்பர்களுக்கும் தம்பி தங்கைக்கும் கொடுத்துவிடுவது. ‘பெரிய மனசு வந்துவிட்டது’ என்று தோன்றும். மற்றொன்று, பல வாரம் அழுதும் எரிந்துவிழுந்தும் இருந்த பிள்ளை, எந்தக் காரணமும் இல்லாமல் ஒரே நாளில் அமைதியாகிவிடுவது. உண்மையாகத் தேறி வரும் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேறும்; நாலு நாள் நன்றாக இருக்கும், ஒரு நாள் சறுக்கும். திடீர் அமைதியைக் கண்டால் அன்றைக்கே பேசிவிடுங்கள்.

‘செத்துடலாம் போல இருக்கு’ என்ற பேச்சு நம் வீடுகளில் சாதாரணம். வெயிலுக்கும் சொல்வோம், வேலைப் பளுவுக்கும் சொல்வோம். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போய்விட்டது. எது வெறும் பேச்சு, எது நிஜம் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்லமுடியாது. கேட்டால்தான் தெரியும். நான் இந்தக் கடிதத்தை எழுதுவதே இந்த ஒன்றைச் சொல்லத்தான்: கேளுங்கள்.

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்ற பயம் பெற்றோரிடம் மட்டுமல்ல, ஆசிரியர்களிடமும் இருந்தது. ஆய்வுகள் காட்டுவது வேறு. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஏற்கெனவே இருந்தால், அதைத் தனியாகச் சுமக்கும் பிள்ளைக்கு இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது.

இனி எப்படிக் கேட்பது என்பதைப் பார்ப்போம். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் இருக்கும்போது வேண்டாம். முகத்துக்கு முகம் உட்காரவைத்து விசாரிப்பதும் வேண்டாம். காரில், ஃபேர்பிரைஸிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வரும்போது, துணி மடிக்கும்போது என்று கண்கள் வேறெங்கோ இருக்கும் நேரத்தில் பதின்ம வயதினர் எளிதாகப் பேசுவார்கள். பார்த்ததைச் சொல்லித் தொடங்குங்கள். ‘மூணு நாளா சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வருதும்மா. ராத்திரி ரெண்டு மணிக்கும் உன் ரூம்ல வெளிச்சம் தெரியுது. என்னடா கண்ணு?’

பெரும்பாலும் ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் பதில் வரும். பேச்சு கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். ‘உனக்கு என்ன குறை வச்சோம்?’ என்று கேட்டால் பிள்ளைக்கு ஏற்கெனவே இருக்கும் குற்றவுணர்ச்சி இரட்டிப்பாகும். ‘நாங்க அந்தக் காலத்துல...’ என்று தொடங்கினால் பேச்சு உங்களைப் பற்றியதாகிவிடும். ‘இதெல்லாம் அந்த ஃபோனால வர்றது’ என்று பிடுங்கி வைத்தால், அவள் நம்பிப் பேசும் ஒரே தோழியும் அந்தக் கைப்பேசிக்குள்தான் இருந்திருக்கலாம். ‘ஒண்ணுமில்ல’ வந்தால், ‘சரி. நாளைக்கும் கேட்பேன், கோவிச்சுக்காதே’ என்று விட்டுவிட்டு, மறுநாள் உண்மையிலேயே கேளுங்கள். வாய் திறப்பது பெரும்பாலும் மூன்றாம் முறையிலோ நான்காம் முறையிலோதான்.

திறந்ததும் அறிவுரை சொல்லாமல் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருங்கள். பிறகு, மழுப்பாமல், அந்தச் சொல்லையே பயன்படுத்துங்கள். ‘தப்பா ஏதும் பண்ணிக்க மாட்டியே?’ என்பது கேள்வியல்ல. ‘மாட்டேன்’ என்ற பதிலைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பது. ‘செத்துப்போகணும்னு நினைப்பு வருதா? தற்கொலை பண்ணிக்கணும்னு தோணியிருக்கா?’ என்று தணிந்த குரலில் கேளுங்கள். சொல்லும்போது உங்கள் குரல் நடுங்கினால் பரவாயில்லை.

‘ஆமாம்’ என்று வந்தால் அழாதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் திட்டாதீர்கள், ‘எங்களைப் பத்தி நினைச்சியா’ என்று கேட்காதீர்கள். ‘சொன்னதுக்கு நன்றிடா, நாம சேர்ந்து பார்க்கலாம்’ என்பது போதும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள்; அதைக் காப்பாற்ற முடியாது, மீறினால் நம்பிக்கை உடையும். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாயா என்று கேளுங்கள். யோசித்து வைத்திருந்தால் அன்றிரவு அவசர நிலை: தனியாக விடவேண்டாம், குளியலறைக் கதவையும் தாழிடவிட வேண்டாம். மனநலக் கழகத்தின் (ஐஎம்எச்) 24 மணிநேரத் தொலைபேசி 6389 2222. புவாங்கோக்கில் உள்ள அதன் அவசரப் பிரிவுக்கு நேராகவும் போகலாம், அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் போகலாம். உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸ் எண் 995. போலிஸ் கேஸ் ஆகிவிடுமே என்று தயங்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி இங்கு 2020 ஜனவரி 1 முதல் குற்றமல்ல. தயவுசெய்து தயங்காதீர்கள்.

வீட்டு மருந்துகளைப் பற்றி அந்தக் குடும்பத்தார் அழுத்தமாகப் பேசுவார்கள். எண்ணம் உச்சத்துக்குப் போகும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் அலை தணிந்துவிடவும், யாராவது வந்து சேரவும் அவகாசம் கிடைக்கிறது. தாத்தாவின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் பலதுறை மருந்தகத்திலிருந்து மாதக் கணக்கில் வந்து, பிஸ்கட் டின்னிலோ குளிர்பதனப் பெட்டியின் மேலோ கிடக்கும். ஒரு வாரத்துக்கானதை மட்டும் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு, மீதியைப் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். காலாவதியானவற்றைப் பழைய தேயிலைத் தூளோடு ஒரு பையில் கொட்டிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். உறையிலுள்ள பெயரைக் கிழித்துவிடுங்கள். வேறு எதைப் பூட்டவேண்டும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். அதை ஆலோசகரிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளியில் என்ன நடக்கும்? வகுப்பாசிரியருக்கு ஒரு குறுஞ்செய்தி போதும். அவர் ஆலோசகரிடம் சொல்வார். ஆலோசகர் பிள்ளையைத் தனியாகச் சந்திப்பார். மற்ற மாணவர் கண்ணில் படாதபடி நேரம் ஒதுக்குவோம். பள்ளியின் கைக்கு மீறியது என்று தெரிந்தால், உங்கள் ஒப்புதலோடு மனநலக் கழகத்தின் ‘ரீச்’ குழுவை அழைப்போம். பள்ளிகளோடு வேலை செய்வதற்காகவே 2007இல் தொடங்கப்பட்ட குழு அது. தேவைப்பட்டால் அங்கிருந்து குழந்தைகள் மனநல மருந்தகத்துக்குப் பரிந்துரை போகும். ஆலோசகர் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லமாட்டார். உயிருக்கு ஆபத்து என்றால் கட்டாயம் சொல்வார். ஆலோசனை முடிந்து வந்த பிள்ளையிடம் ‘மிஸ் என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னே’ என்று தோண்டாதீர்கள். அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

‘பேர் கெட்டுடும், நாளைக்கு வேலை கிடைக்காது, கல்யாணம் நடக்காது’ என்ற கவலையைப் புரிந்துகொள்கிறேன். ஆலோசகரைப் பார்த்தது தேர்வு முடிவிலும் வராது, பள்ளிச் சான்றிதழிலும் வராது. வேலை விண்ணப்பத்தில் மனநலம் பற்றி அறிவிக்கக் கேட்கக்கூடாது என்று முதலாளிகளுக்கான வழிகாட்டி நெறிகள் 2020இல் திருத்தப்பட்டன. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், நடப்புக்கு வரும்போது, மனநலக் குறையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும். மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் வெளிநோயாளிச் சிகிச்சை பெற மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்வதையோ, பள்ளிவாசலில், தேவாலயத்தில் வேண்டிக்கொள்வதையோ யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மருத்துவரிடமும் போங்கள்.

குடும்பத்தார் அன்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை தருவார்கள், கைப்பேசி உறைக்குள் நுழையும் அளவு. அதில் உள்ள எண்கள் இவை. தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் 1767, எந்நேரமும். பேச வாய் வராத பிள்ளை 9151 1767 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு எழுதலாம். தேசிய மனநல உதவி எண் 1771, அதுவும் 24 மணிநேரம். வீட்டில் தொடக்கப்பள்ளித் தம்பி தங்கை இருந்தால் ‘டிங்கிள் ஃபிரண்ட்’ சிறுவர் உதவி எண் 1800 2744 788, வார நாள் பிற்பகல்களில். 16 வயதைத் தாண்டிய அண்ணன் அக்காவுக்கு மனநலக் கழகத்தின் ‘சாட்’ நிலையம் இலவசமாக மதிப்பீடு செய்கிறது. பிள்ளையின் கைப்பேசியில் பதிந்து கொடுப்பதோடு உங்கள் கைப்பேசியிலும் பதிந்துகொள்ளுங்கள். துவண்டுபோன பெற்றோரும் இந்த எண்களை அழைக்கலாம்.

பேச வருபவர்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். அவர்களிடம் ‘எப்படி நடந்தது’ என்று கேட்காதீர்கள். ‘முன்னாடியே தெரியலையா’ என்றும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைத் தங்களிடமே ஆயிரம் முறை கேட்டுக்கொண்டவர்கள் அவர்கள். ‘கோழைத்தனம்’, ‘பாவம் செய்துவிட்டான்’ போன்ற சொற்கள் மண்டபத்தில் வேண்டாம். பிள்ளையைப் பற்றி நல்லதாக ஏதேனும் கேட்கலாம்: என்ன பிடிக்கும், எப்படிச் சிரிப்பான் என்று. பிள்ளையை இழந்த பெற்றோர் பலருக்கு அந்தப் பேச்சு நின்றுபோவதுதான் பெரிய வலி.

வாட்ஸ்அப் குழுக்களுக்கும் இதைச் சொல்லவேண்டும். எங்கேனும் ஓர் இறப்பு நடந்ததும் புளோக் எண், படம், காணொளி என்று ஒரு மணி நேரத்தில் சுற்றிவந்துவிடுகிறது. தள்ளாடிக்கொண்டிருக்கும் இன்னொரு பிள்ளையை அது பிடித்துத் தள்ளக்கூடும். இப்படி ஒன்றைத் தொடர்ந்து இன்னொன்று நடப்பது ஆய்வுகளில் உறுதியான உண்மை. வந்தால் வேறு யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.

பேச்சு பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும் மட்டும். மாணவர்களுக்குக் குணநலன், குடியியல் கல்வி வகுப்பில் அவரவர் வயதுக்கேற்ற பாடம் தனியாக நடக்கிறது. முதல் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில். பிறகு நூலகத்தில் தமிழில் உரையாடல், பாட்டி தாத்தாக்களையும் அழைத்து வாருங்கள். நன்கொடை திரட்டப்போவதில்லை. படம் எடுக்கக்கூடாது. நடுவில் எழுந்து வெளியே போகவேண்டும்போல் இருந்தால் போகலாம். மண்டபத்துக்கு வெளியே ஆலோசகர் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பார். வருவோர் எண்ணிக்கையைப் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள். தனியாகப் பேச விரும்புபவர்கள் பள்ளி அலுவலகத்தை அழைத்து ‘தலைமையாசிரியரைப் பார்க்கவேண்டும்’ என்று மட்டும் சொன்னால் போதும். எதற்கு என்று கேட்கமாட்டார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்