பட்டுப்போன மரம் அல்ல, பூத்து நிற்கும் புரசு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழில் ஜவ்வாது மலைச் சரிவின் படம் வந்திருந்தது. 'வெயிலில் பட்டுப்போன மரங்கள்' என்று அடியில் போட்டிருந்தீர்கள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். இலை ஒன்றுகூட இல்லைதான். ஆனால் கிளையெல்லாம் செம்மஞ்சளாக அப்பிக் கிடக்கிறதே, அது புரசம்பூ. சென்னையில் புரசைவாக்கத்தின் பெயரில் இருக்கும் அதே புரசு.

திருப்பத்தூர் பக்கத்தில் 31 ஆண்டுகள் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். மாசி, பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டால் மரத்துக்கு நீர்ச்செலவு குறையும். மறைக்க இலை இல்லாததால் பூவும் தூரத்திலேயே பறவை கண்ணில் பட்டுவிடும்.

ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளிடம் புரசம்பூவைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்வேன். ஐந்து இதழில் ஒன்று பெரிதாகப் பின்னால் மடிந்திருக்கும், இரண்டு பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும், மீதி இரண்டும் ஒட்டிக் கிளிமூக்குப் போல வளைந்திருக்கும். அந்த மூக்குக்குள்தான் பத்து மகரந்தத்தாள்கள். ஒன்பது ஒட்டியவை, ஒன்று தனி. தேன்சிட்டோ மைனாவோ தேனுக்காக அலகை நுழைத்தால் மகரந்தம் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் சித்திரையில் கொன்றை. இதுவும் அவரைக் குடும்பம்தான், ஆனால் கிளிமூக்கு கிடையாது. ஐந்து மஞ்சள் இதழும் விரிந்தே இருக்கும். இந்தப் பூவில் தேன் இல்லை, மகரந்தம்தான் விருந்து. பத்து மகரந்தத்தாள்களும் ஒரே அளவு இல்லை: மூன்று நீளமாக வளைந்தவை, நான்கு நடுத்தரம், மூன்று சின்னஞ்சிறியவை. கருவண்டு நடுத்தர நான்கைப் பிடித்து உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்த்துக்கொள்ளும். அது அங்கே மும்முரமாக இருக்கும்போதே நீண்ட மூன்றும் அதன் உடம்பில் மகரந்தத்தைப் பூசிவிடும். அடுத்த பூவுக்குப் போய்ச் சேர்வது அந்தப் பூச்சுதான். இதை நேரில் பார்த்த நாளில் நான் பாடத்தை நிறுத்திவிட்டு வகுப்பையே மரத்தடிக்கு அழைத்துப் போனேன்.

விடத்தலை என்ற முள்மரத்தைக் காட்டியபோது ஒரு மாணவி, "டீச்சர், இது எப்படி அவரைக்குச் சொந்தம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. விடத்தலையில் நாம் ஒரு பூ என்று நினைப்பது நிறைய பூக்கள் சேர்ந்த தொங்கும் கொத்து. மேல்பாதி இளஞ்சிவப்பு, கீழ்ப்பாதி மஞ்சள். இளஞ்சிவப்புப் பூக்கள் மலடு. நூல் போல நீண்டு பூச்சியைக் கூப்பிடுவதோடு அவற்றின் வேலை சரி. காய்ப்பது மஞ்சள் பூக்கள் மட்டும். பூவை வைத்துச் சொந்தம் தெரியாது, காயைப் பார் என்றேன். மூன்றிலும் அவரை போல நெற்றுதான்.

முள்ளுப்புதர் என்று ஏரிக்கரைகளில் முதலில் வெட்டித் தள்ளுவது இந்த விடத்தலையைத்தான். பட்ட மரம், வெறும் புதர் என்று அச்சில் வந்துவிட்டால் வெட்டுகிறவர்களுக்கு வேறு காரணமே தேவைப்படாது. அதனால்தான் ஒரு வரிக்காக இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தப் படத்தையே இன்னொரு முறை பெரிதாக வெளியிட்டு, அடியில் 'பூத்திருக்கும் புரச மரங்கள்' என்று போடுங்கள். பங்குனி முடிவதற்குள் வந்தால் பிள்ளைகள் நேரில் போய்ப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
திருப்பத்தூர்